பூசணிக்காய் உடைக்காத படம்

"அக்கா, அந்தப் படத்தை நான் எடுக்கலைன்னு சொல்லிடலாமா?"

அறவாழி தோளில் பையோடு வாசலில் நின்றபடியே கேட்டார்.

எஸ்தர் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ எடுத்ததெல்லாம் எனக்குத் தெரியும். எடுக்காதது எது?"

"மூணாவது."

"செருப்பை விட்டுட்டு உள்ள வா."

அறவாழி சினிமா இயக்குநர். அறுபதை நெருங்குகிறவர். இயக்குநர் ஆவதற்கு முன்பு எஸ்தரிடம் உதவியாளராக இருந்தார். எஸ்தர் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற படத்தொகுப்பாளர். ஃபிலிம் துண்டுகளைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றுதான் அறவாழி சினிமா கற்றுக்கொண்டார்.

எங்கே வெட்டணும் என்று கேட்டால் எஸ்தர் பதில் சொல்ல மாட்டார். துண்டைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்போது அவர் எடிட்டிங்கை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. வளசரவாக்கத்தில் தனியாக இருக்கிறார்.

அறவாழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரங்க விண்தோணி மூணு படத்தையும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வர்றாங்க. வாரம் ஒண்ணு."

"நல்லதுதானே."

"மூணாவதுல என் பேர் வேண்டாம்னா எடுத்துடறோம்ங்கறாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிக்கணும்னு சொன்னேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"



முதல் விண்தோணி கையில் காசில்லாமல் எடுத்த படம். கடலோர ஊர்க்காரர்கள் சிலர் ஒரு விண்கலம் கட்டி, செவ்வாய்க்குப் போய்த் திரும்புகிற கதை. ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவதும் ஓடியது.

மூன்றாவது ஓடவில்லை. ஓடாததோடு நிற்கவும் இல்லை. கிண்டல் வார்த்தையாகி ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்த டைரக்டருங்க ஓடாத படத்தை எப்படித்தான் தாங்கறாங்களோ தெரியல அக்கா. ஜோதிலிங்கம் தன்னோட ரோபோ படத்தைத் தானே மேடையில கிண்டல் பண்றார். கைதட்டு வாங்கறார். குலசேகரன் எல்லாத்தையும் தயாரிப்பாளர் கெடுத்தார்ங்கறார். மகுடபதிகிட்ட அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறார்."

"மூணு பேருக்கும் ராத்திரி தூக்கம் வருதாமா?"

"நான் கேட்கல."

"கேட்க வேண்டாம். உனக்கு வருதா?"

"பேங்குக்குப் போனா கவுண்டர்ல இருக்கற பையன் 'சார், எப்ப சார் அமுக்குவீங்க'ங்கறான்."

எஸ்தர் சிரித்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்களும் சிரிக்கறீங்க."

"வெங்காயம்ப்பா. கண்ணுல தண்ணி வருது பாரு."

அறவாழியும் லேசாகச் சிரித்தார்.

"நீங்க பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"மோசம்."

எஸ்தர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"முதல் பாதி தூக்கம் வந்துது. அந்த எட்டுக்கால் பூச்சி ரொம்பப் பேசுது. செவ்வாய்லயும் பாட்டு எதுக்கு?" என்றார் எஸ்தர்.

"தயாரிப்பாளர் கேட்டார்."

"குலசேகரன் மாதிரி பேசாதே."

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் பாதி என்னுதுதான். ஒத்துக்கறேன். அந்தப் பூச்சியும் என்னுதுதான். ஆனா ஊரே சிரிக்கறது அந்த முடிவைப் பார்த்து. அது என்னுது இல்ல அக்கா. தமயந்தி ஆஸ்பத்திரியில இருந்தா. கடைசி நாலைஞ்சு நாள் ஷூட்டிங்குக்கே நான் போகல. அசோசியேட் நல்லசிவமும் பசங்களும் எடுத்தது. நான் எடுக்காத முடிவுக்கு நான் ஏன் திட்டு வாங்கணும்?"

தமயந்தி அவர் மனைவி. அந்த ஷூட்டிங் முடிந்த வாரமே இறந்துபோனார்.

"அந்த முடிவைப் பார்த்தியா நீ?"

"ரிலீஸான வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போனேன். இடைவேளையில வந்துட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"பார்க்கல. யாராவது படம் போட்டுக் கிண்டல் அனுப்பினா போனைக் கவுத்து வெச்சிடுவேன். கேப்டன் ஊர் திரும்பறானாம். வீட்டுக் கதவு முன்னாடி நிக்கறானாம். சிவப்பு பட்டனை அமுக்கணும், அமுக்க மாட்டேங்கறானாம். படம் முடிஞ்சிடுதாம். தியேட்டரே 'அமுக்குடா, அமுக்குடா'ன்னு கத்திச்சாம்."

"கத்திச்சு. நானும் அங்கதான் இருந்தேன்."

எஸ்தர் உரித்த வெங்காயத்தைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் படத்துக்குப் பூசணிக்காய் யார் உடைச்சது?"

படப்பிடிப்பின் கடைசி நாளில் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். துளை போட்டு உள்ளே குங்குமம் நிரப்பி, மேலே கற்பூரம் ஏற்றி, கேமராவுக்கும் ஆட்களுக்கும் சுற்றித் தரையில் போட்டு உடைப்பார்கள். உடைத்தால்தான் படம் முடிந்தது என்று பெயர். இயக்குநர் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

"தெரியலையே."

"தெரியாதா?"

"நீங்க வேதக்காரங்க அக்கா, சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வேதக்காரிதான். ஆனா பூசணிக்காய் உடைக்காத படத்தை நான் வெட்டினதில்ல. கேளு."

"யாரை?"

எஸ்தர் மேஜையில் இருந்த அறவாழியின் போனை அவர் பக்கமே தள்ளினார்.

அறவாழி ஸ்பீக்கரில் போட்டு நல்லசிவத்தை அழைத்தார். பல வருடம் பேசாத எண். மணி நெடுநேரம் அடித்தது.

"சார்?"

"நல்லா, நான்தான்."

"தெரியுது சார். உடம்பு நல்லா இருக்கா சார்? ஏதாவது…"

"ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் கேட்கணும். மூணாவது படத்துக்குப் பூசணிக்காய் யார் உடைச்சது?"

மறுமுனையில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"உடைக்கல சார்."

"ஏன்?"

"நீங்க வருவீங்கன்னு இருந்தோம். நீங்க இல்லாம உடைக்க யாருக்கும் கை வரல. புரொடக்‌ஷன் மேனேஜர் திட்டினார். அப்பவும் உடைக்கல. செட்டைப் பிரிச்சப்புறம் ஜெனரேட்டர் வண்டியில ஏத்தி வெச்சோம். மெஸ்காரர் சாம்பாருக்குக் கேட்டார். டிரைவர் அடிக்கப் போயிட்டார்."

"அப்புறம்?"

"அழுகிப்போச்சு சார்."

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"நல்லா, அந்தக் கடைசி ஷாட்டை ஏன்ப்பா அப்படி எடுத்தீங்க?"

"எப்படி சார்?"

"அமுக்காம."

நல்லசிவத்தின் குரல் தணிந்தது.

"நீங்க சொன்னதுதானே சார்."

"நானா?"

"ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணீங்களே. ஞாபகம் இல்லையா சார்?"

அறவாழி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"புதுக் கதவு வேண்டாம், கொடவுன்ல நம்ம பழைய பீரோ கதவு இருக்கு, அதைக் கொண்டு வந்து மாட்டுன்னீங்க. கேப்டன் கதவு முன்னாடி நிக்கட்டும்னீங்க. அமுக்க வேண்டாம்னீங்க. ஏன் சார், ஜனங்க காத்திருப்பாங்களேன்னு நான் கேட்டேன்."

"அதுக்கு?"

"'திறந்தா உள்ள யாரும் இல்லைன்னு அவனுக்குத் தெரியும் நல்லா. அமுக்காத வரைக்கும் அவ உள்ள இருக்கா'ன்னீங்க சார்."

அறவாழி போனை மேஜையில் வைத்தார். அது அணையவில்லை. நல்லசிவத்தின் மூச்சு கேட்டது.

பிறகு அறவாழி குனிந்து கேட்டார்.

"இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"எதைச் சார்?"

"பேட்டியில எல்லாம் நான் உன்னைத்தானே சொன்னேன். பசங்க எடுத்த முடிவுன்னு. அதுக்கப்புறம் உனக்கு யாரும் படம் தரலையே."

"தந்தாங்க சார். ஒண்ணு பண்ணேன். இப்ப சீரியல் போகுது." நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "தமயந்தி அம்மா தவறிப்போன வீட்டுல வந்து, 'சார், இது நீங்க சொன்னது'ன்னு நிக்கச் சொல்றீங்களா?"

அறவாழி போனை அணைத்தார்.

எஸ்தர் கேட்டார்: "பையில என்ன?"

"கம்பெனிக்காரங்க சுத்தம் பண்ணிக் கொடுத்த காப்பி. மூணும் இருக்கு."

"கொடு."

உள்ளறையில் எஸ்தரின் கம்ப்யூட்டர் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது படத்தைப் போட்டார். எட்டுக்கால் பூச்சியைத் தாண்டினார். செவ்வாய்ப் பாட்டைத் தாண்டினார். கடைசிக் காட்சிக்கு வந்து ஓட விட்டார்.

கேப்டன் நடந்து வந்தான். கதவு முன்னால் நின்றான்.

சாம்பல் நிறப் பீரோ கதவு. முதல் படத்தில் விண்கலத்துக்குக் கதவு செய்யக் காசில்லாமல் அறவாழி தன் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போனது. படம் முடியும்வரை தமயந்தியின் புடவைகள் கதவில்லாத பீரோவில் எல்லாரும் பார்க்கக் கிடந்தன.

கதவின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

அது பட்டன் இல்லை. தமயந்தியின் ஸ்டிக்கர் பொட்டு. முகம் கழுவப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்துப் பீரோவில் ஒட்டிவிட்டுப் போவாள். எடுக்க மறந்துபோன ஒன்று கதவோடு செட்டுக்கு வந்துவிட்டது. முதல் படத்தில் நடிகர் அதைப் பட்டன் என்று நினைத்து அமுக்கினார். அறவாழி கட் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஆட்கள் கதவை இழுத்துத் திறந்தார்கள். அதிலிருந்து விண்தோணியில் எல்லாக் கதவும் சிவப்புப் பட்டனை அமுக்கினால்தான் திறக்கும் என்று ஆகிவிட்டது.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது தமயந்தி அவர் தொடையைக் கிள்ளினாள்.

திரையில் கேப்டன் கையைத் தூக்கினான். விரல் பொட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.



விரல் கீழே இறங்கியது. திரை கறுத்தது.

கறுப்பில் எழுத்து வந்தது. எழுத்தும் இயக்கமும் அறவாழி.

எஸ்தர் அங்கேயே நிறுத்தினார்.

"எடுக்கணும்னு சொன்னது இதைத்தானே?"

அறவாழி அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த பிறகும் அவர் அசையவில்லை.

பிறகு எழுந்தார். சமையலறைக்குப் போனார். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"அக்கா, இந்தப் பூசணிக்காய்?"

"மோர்க்குழம்புக்கு வாங்கினது."

அவர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். எஸ்தர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"தூக்கிட்டே, சரி. என் வீட்டுல குங்குமம் கிடையாது."

"வேற எதுவும் சிவப்பா இல்லையா?"

"மிளகாய்ப்பொடிதான் இருக்கு."

"போதும்."

"கண்ணுல பட்டா எரியும்."

"எரியட்டும் அக்கா."

எஸ்தர் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து வைத்தார். மெழுகுவத்தி ஒன்றையும் எடுத்து வைத்தார்.

அறவாழி மறுபடி நல்லசிவத்தை அழைத்தார்.

"எங்க இருக்கே?"

"போரூர்ல சார். சீரியல் செட்டுல."

"பிரேக் விட்டுட்டு வளசரவாக்கம் வா. எஸ்தர் அக்கா வீடு."

"இப்பவா சார்? எதுக்கு?"

"பூசணிக்காய் வாங்கியாச்சு."

மறுமுனையில் நல்லசிவம் யாரிடமோ, "லைட்டெல்லாம் ஆஃப் பண்ணுங்கப்பா" என்று சொல்வது கேட்டது.

எஸ்தர் வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழம்புக்கு வேறு காய் என்ன இருக்கிறது என்று கூடையைக் கிளறினார்.

அறவாழி பூசணிக்காயை மடியில் வைத்து, ஒரு ஓரத்தில் கத்தியால் மூடி மாதிரி வெட்டி எடுத்து, உள்ளே மிளகாய்ப்பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் சிவப்பு. அப்போது போன் அடித்தது.

கம்பெனிப் பையன்.

எஸ்தர்தான் எடுத்து அவர் காதருகே பிடித்தார்.

"சார், சாயங்காலம் ஆயிடுச்சு. அந்தப் பேர் விஷயம் என்ன பண்ணலாம் சார்?"

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றார் அறவாழி. "ஷூட்டிங் இன்னிக்குத்தான் முடியுது."