முதல் இலை

ஞானாபரணம் ஐயா வேதாகமத்தை முப்பத்தொரு தடவை படித்தவர். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்; அவரே சொல்லித்தான். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் எல்லாருக்கும் கறிச்சோறு போடும் அசன விருந்தில் வருஷாவருஷம் முதல் பந்தி, முதல் இலை அவருக்குத்தான்.

கறிவாளியோடு வந்த பாக்கியமுத்துவை மறித்தார். கோயிலில் மணியடிக்கிறவன் அவன்.

"ஏலே, நான் படிக்காத வசனம் ஒண்ணு சொல்லு. இல்லன்னா நாளையிலிருந்து வேற ஆளு மணியடிப்பான்."

"லூக்கா பதினாலு, பத்து."

ஐயா சிரித்துவிட்டு, கண்ணை மூடி மனப்பாடமாய் ஒப்பித்தார். விருந்துக்கு அழைத்தால் கடைசி இடத்தில் போய் உட்காரணும், அழைத்தவரே வந்து மேலே வாரும் என்று கூப்பிடுவார்.

"படிச்சிருக்கேனா இல்லையா?"

"வாய் படிச்சிருக்கு ஐயா. உட்கார்ந்திருக்கிற பக்கம் இன்னும் படிக்கல."

பந்தியே சிரித்தது. ஐயா விறைப்பாக எழுந்து, கைகழுவும் தொட்டியோரம் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தார். இப்போது கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பாக்கியமுத்து வந்து, காலி வாளியைச் சாய்த்துக் காட்டினான்.

"கறி முடிஞ்சிட்டு ஐயா. கெட்ட குமாரன் திரும்பி வந்ததும் அவன் அப்பன் விருந்துக்குக் கொழுத்த கன்னு அடிக்கிறது லூக்காவுல அடுத்த அதிகாரத்துலதான். ரசம் ஊத்தவா?"