கார்த்திகை இறங்கும் முன்

விலங்கும் பூச்சியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில் மின்மினியின் விளக்கு அணைந்ததே இல்லை. தின்னும்போதும் எரியும், தூங்கும்போதும் எரியும். விளக்குப் போனால் உயிரும் போய்விடும் என்று அதன் இனத்தில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் அணைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

கடவூர் மலைக்காட்டில் அப்படி ஒரு மின்மினிக்கு மூன்று நண்பர்கள்: தேவாங்கு, பக்கிக்குருவி, முள்ளம்பன்றி. பொழுது சாய்ந்ததும் நால்வரும் மொட்டைப் பாறையில் கூடி வானம் பார்ப்பார்கள். தேவாங்கு ஒரு மூங்கில் குழாய் செய்திருந்தது. அதன் இரண்டு முனையிலும் தெளிந்த வேலம்பிசினை வைத்து, நக்கி நக்கியே வழவழப்பாக்கியிருந்தது. அதில் கண் வைத்தால் தூரத்து நட்சத்திரம் கிட்டே வந்து நிற்கும். குழாயைத் திருப்பிக் குறி வைத்துத் தருகிறவர் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு. குறி வைப்பது எப்போதும் தேவாங்குதான்.

முள்ளம்பன்றிக்குக் கண் மங்கல். குழாயில் பார்த்தாலும் பச்சை மூட்டம்தான் தெரிகிறது என்று சொல்லும். அது பிறந்தது கார்த்திகை நட்சத்திரத்தில். சொந்த நட்சத்திரத்தையே பார்க்காத ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று பக்கி கேலி பேசும். முள்ளம்பன்றியும் சேர்ந்து சிரிக்கும்.

அந்தச் சித்திரையில் சுனை வற்றியது. விடிந்தால் முள்ளம்பன்றி குட்டிகளோடு தண்ணீர் தேடி மலை தாண்டிப் போக வேண்டும். திரும்பி வருமோ, வராதோ. கார்த்திகையோ மேற்கே தாழ்ந்துவிட்டது. இருட்டிய பிறகு கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும்.

தேவாங்கு அவசரமாகக் கிளுவை மரக் கவட்டையில் குழாயைப் பொருத்தியது. நண்பன் தடுமாறக் கூடாதே என்று மின்மினி வழக்கம்போலக் குழாயின் விளிம்பில் உட்கார்ந்து, கூடுதலாகவே எரிந்தது.

முள்ளம்பன்றி பார்த்தது. அதே பச்சைதான் என்றது.

காரணம் தேவாங்குக்குத் தெரியும். இத்தனை நாளும் பனி என்றும் பிசின் அழுக்கென்றும் சொல்லிச் சமாளித்து வந்தது. இன்றைக்கும் பனி என்று ஆரம்பித்தபோது பக்கிக்குப் பொறுக்கவில்லை.

"சித்திரையில ஏதுடா பனி? தங்கச்சி, எங்க கண்ணு தாங்கிக்குது, அவனோட மங்கக் கண்ணுக்கு உன் வெளிச்சந்தான் மறைக்குது. சொன்னா நீ வாடிப்போவேன்னு இவன் வாயே தொறக்கலை."

மின்மினி தேவாங்கைப் பார்த்தது. தேவாங்கு தலையைக் குனிந்துகொண்டது. மின்மினி உடனே எழுந்து பாறைக்கு அப்பால் பறந்தது. போதவில்லை. அடிவாரம் வரை போயும் பிசினில் அந்தப் பச்சை ஒட்டிக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் அதன் விளக்குக்கு அவ்வளவு வீச்சு.

"போதும், வா தங்கச்சி," என்று கூப்பிட்டது முள்ளம்பன்றி. "உன் உசுரை விடவா எனக்கு நட்சத்திரம் பெருசு? கடைசியா கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருப்போம்."

கார்த்திகைக்கும் மலைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மின்மினி திரும்பி வந்து முள்ளம்பன்றியின் முள் ஒன்றில் உட்கார்ந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விளக்கை அணைத்தது.

பாறை இருண்டது. முள்ளம்பன்றி குழாயில் வைத்த கண்ணை நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னது:

"ஒரே ஒருத்தர்னு நெனச்சிருந்தேன். இத்தனை பேரா? குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருக்காங்களே."

அந்தக் குரல் காதில் விழுந்தபோதுதான் தான் சாகவில்லை என்று மின்மினிக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கியது. அதுவரை அது கண்ட வானமெல்லாம் தன்னுடைய பச்சைதான். நண்பர்கள் அதோ, இதோ என்றபோதெல்லாம் சும்மா ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது மலைக்கு மலை, இடைவெளியே இல்லாமல் நட்சத்திரங்கள். எத்தனை காலமாக அங்கேயே இருந்தனவோ. அதற்கு விளக்கை ஏற்றவும் மறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் பயம் வந்தது. மூன்று பேரும் இருக்கிறார்களா? விளக்கை ஏற்றிப் பார்த்தது. இருந்தார்கள். அணைத்தது. வானமும் இருந்தது. மறுபடி ஏற்றியது.

தேவாங்கின் முறை வந்தபோது கார்த்திகை இறங்கிவிட்டிருந்தது. அது குழாயை இலையில் சுற்றி வைத்தது.

மின்மினி விட்டு விட்டு எரிவது அன்று தொடங்கியதுதான். எரியும்போது நண்பர்களைப் பார்க்கிறது, அணையும்போது வானத்தை.