தவளை தன் வாலைத் தின்ற கதை

அந்தக் காலத்தில் தவளைக்கு வால் இருந்தது. உடம்புக்குள் இருக்கும் புரதங்களுக்கு வாயும் இருந்தது. பேசின. எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது.

ஒரு குட்டையில் ஒரு தலைப்பிரட்டை. அதன் வாலில் செல்கள் வீடு வீடாக அடுக்கியிருந்தன. வீட்டுக்கு இரண்டு புரதங்கள். ஒருவன் நறுக்கி. கையில் கத்தி, எதிரே எது இருந்தாலும் வெட்டுவான். இன்னொருவன் இறுக்கி. நறுக்கியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அவன் வேலை. பிடி விட்டால் வீடு காலி.

வால் நுனியில் ஒரு வீடு. அந்த வீட்டு இறுக்கி பெரிய முசுடு.

"மாமா, ஒரு கையையாவது விடேன். முதுகு அரிக்கிறது," என்பான் நறுக்கி.

"சுவரில் தேய்."

"பிறந்ததிலிருந்து கத்தி வைத்திருக்கிறேன். ஒரு நூலைக்கூட வெட்டியதில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்."

"வெளியில் நீ எப்போது போகப்போகிறாய்? பேசாமல் இரு."

அந்தக் கோடையில் குட்டை வற்றியது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துவிட்டது, கரையேற வேண்டும். ஆனால் பாசி சுரண்டித் தின்ற பழைய வாய் உதிர்ந்துவிட்டது. பூச்சி பிடிக்கும் புது வாய் இன்னும் திறக்கவில்லை. தின்ன வழியில்லை. கால்கள் துவண்டன. சேற்றில் வால் வேறு பின்னால் இழுத்தது. வெயில் ஏறினால் கருவாடுதான்.

கழுத்துச் சுரப்பியிலிருந்து ஒரு தூதன் ஓடி வந்தான். "வாலில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டைக் கலையுங்கள். இங்கே இருக்கிற சத்துதான் காலுக்குச் சோறு."

"எங்கள் வீட்டில் ஒரு விரிசல் கிடையாது. நல்ல வீட்டை எதற்கய்யா கலைக்க வேண்டும்?" என்றான் இறுக்கி.

"வால் நன்றாகத்தான் இருக்கிறது. தலைப்பிரட்டைதான் சாகிறது."

இறுக்கி பிடியை இன்னும் இறுக்கினான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டார்கள். கலைப்பது என்றால் சுவரை உடைப்பது என்று நினைத்து, உள்ளேயிருந்து முட்டி மோதி உடைத்தார்கள். வீட்டில் இருந்த காரமெல்லாம் தெருவில் கொட்டியது. அக்கம்பக்கத்துச் சுவர்கள் வெந்தன. வால் வீங்கிச் சிவந்தது. தலைப்பிரட்டை வலியில் துடித்தது. காலுக்கு ஒரு கவளம் போகவில்லை.

இறுக்கி நறுக்கியையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தான். நறுக்கியின் பக்கம் திரும்பினான்.

"டேய், உனக்கு ஒழுங்காக வெட்டத் தெரியுமா?"

"தெரியாமலா கத்தி கொடுத்தார்கள்?"

"சுவர் உடையக் கூடாது. உள்ளே இருப்பதை மட்டும் வெட்டு. வெட்டியதைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டு. ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது."

"மூட்டையை யார் எடுப்பார்கள்?"

"சுவரின் உள்முகத்தை வெளியே திருப்பி வை. தெருவில் சுற்றுகிற தின்னிகளுக்கு அதைப் பார்த்தால் கலைந்த வீடு என்று புரியும். எடுத்துக் காலுக்குச் சேர்ப்பார்கள்."

நறுக்கி கத்தியைப் பார்த்தான். பிறகு இறுக்கியைப் பார்த்தான். "மாமா, நீ முதலில் தள்ளி நில். எதிரே இருப்பவன் நீதான்."

"தள்ளி நின்றால் பயத்தில் மறுபடி பிடித்துவிடுவேன். என்னிலிருந்தே தொடங்கு."

கையை விட்டான்.

நறுக்கி அவசரப்படவில்லை. மாமாவை வெட்டினான். கூரையைத் தாங்கிய கயிறுகளை வெட்டினான். ஒவ்வொன்றையும் மூட்டையாகக் கட்டினான். கடைசி மூட்டைக்குள் அவனே உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொண்டான். தின்னிகள் வந்து எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில் ஈரம்கூட இல்லை.

மற்ற வீட்டு இறுக்கிகள் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பிடியை விட்டார்கள். வால் குறுகியது, வெறும் மொட்டாயிற்று, பிறகு அதுவும் போயிற்று. காலில் வலு ஏறியது. புது வாய் திறந்தது. தவளை ஒரே தாவலில் கரையில் இருந்தது.

அன்று முதல்தான் தவளை தன் வாலைத் தின்றுவிட்டுக் கரையேறுகிறது. நம் உடம்பிலும் வீட்டுக்கு வீடு ஒருவன் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன், விடச் சொல்லும் வரை, அவன் கையைப் பிடித்திருக்கிறான்.