தளமா, அப்பளமா?

ஆற்று மணலும் தளம் வார்க்க வாடகைக்கு விடும் சென்ட்ரிங் பலகையும்தான் ஊர்த் தலைவர் தவசியாபிள்ளைக்குப் பிழைப்பு. சித்தாள் செங்கமலமோ இரண்டையும் அதிகம் வாங்காமல் வீட்டை முடித்துவிட்டாள். கான்கிரீட் உத்திரங்களையும் பலகைகளையும் தரையிலேயே வார்த்து, இறுகியதும் மேலே தூக்கி அடுக்கி, அதன்மேல் மெல்லிசாகக் கான்கிரீட் ஊற்றினாள். கம்பியும் சிமெண்டும்கூடக் குறைவுதான்.

பால் காய்ச்சுகிற அன்று தலைவர் சம்மட்டி ஆட்களோடு வந்தார்.

"ஏட்டி, இது தளமா, அப்பளமா? நாலு பேரு ஏறினா நொறுங்கிரும். இடிக்கப் போறேன்."

செங்கமலத்துக்கு வேறு கூரை இல்லை.

"எந்த எடம் சரியில்லன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி. நீங்களே மேல ஏறிக் காட்டுங்க."

அவர் தடதடவென்று ஏறினார். பின்னால் எட்டு ஆட்கள். நட்டநடுவில் நின்று ஓங்கி மிதித்து, "இங்க அடிங்கலே!" என்றார்.

அவர் காலுக்கு நேர் கீழே அடுப்பு மூட்டிக்கொண்டே செங்கமலம் குரல் கொடுத்தாள்.

"நாலு பேருக்கே நொறுங்கும்னு சொன்னிய. இப்ப ஒம்பது பேரு நிக்கிய. எம் பாலுல ஒரு தூசி விழலையே அண்ணாச்சி!"

வந்திருந்த ஊர் சிரித்தது. மேலே நின்ற ஆட்களும் சிரித்துவிட்டார்கள்.

ஏறும்போது தடதடத்த கால், இறங்கும்போது சத்தமே போடவில்லை. சம்மட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆட்கள் பாலுக்குக் கை நீட்டினார்கள்.