தண்ணீர் பட்டால் நனையுமா

முன்னே ஒரு காலத்தில், ஒரு ராஜாவை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டு தூங்கவிடாமல் அடித்தது. ஏரி வெட்டும் ஆட்களுக்குக் குளிர்காய்ச்சல் இன்று வருகிறது, நாளை விடுகிறது, மறுநாள் திரும்ப வருகிறது. விட்ட நாளில் அது எங்கே போய் இருக்கிறது? இதை ஆராய முன்வருகிறவருக்கு அரண்மனை மூலிகைத் தோட்டமும் கட்டில் போட்ட கூடமும் ஒரு வருஷத்துக்கு விடப்படும் என்று அறிவித்தார்.

வடிவம்மை என்ற இளம் வைத்தியச்சி முதல் ஆளாக வந்தாள். ஏரியில் மண் சுமக்கிற அவள் தம்பியும் அந்தக் காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தான்.

தலைமை வைத்தியர் மகுடேசருக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் ஆராய்ச்சிக்கென்று அதே தோட்டத்தை வாங்கி, வேப்பிலை கசக்கும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்.

"மகாராஜா, கடைசியில் என்ன தெரியவரும் என்று இப்போதே சொல்லட்டும். நிச்சயமாகச் சொல்கிறவருக்கே தோட்டம் என்று விதி செய்யுங்கள்."

"அது தெரிஞ்சா நான் ஏன் ஐயா தோட்டம் கேக்கிறேன்?" என்றாள் வடிவம்மை.

"கேட்டீர்களா, ஒன்றும் தெரியாதாம்."

சபை சிரித்தது. ராஜாவும் தலையாட்டி, அப்படியே உத்தரவு போட்டார். அவள் வெறுங்கையோடு போனாள்.

தூணோரம் நின்ற விகடன் சிட்டாண்டி தலையைச் சொறிந்தான். விட்ட நாளில் காய்ச்சல் எங்கேதான் போகும்? அவன் மண்டையையே அது குடைகிறது, இந்த மகுடேசரை மட்டும் ஏன் குடையவில்லை? முன்னால் வந்து கும்பிட்டான்.

"எனக்கும் ஒரு ஆராய்ச்சி, மகாராஜா. தண்ணீர் பட்டால் நனையுமா என்று பார்க்க வேண்டும். நனையும் என்றே தெரியவரும். நிச்சயம்."

ராஜா முழித்தார். உத்தரவின் மை இன்னும் காயவில்லை. தோட்டமும் கூடமும் சிட்டாண்டிக்குப் போயின.

மறுநாள் காலை மகுடேசர் சபை வாசலில் கால் வைத்ததும் தலையில் ஒரு குடம் தண்ணீர் இறங்கியது.

"என்னடா இது?"

"ஆராய்ச்சி, ஐயா. நனைஞ்சீங்களா?"

"கண் தெரியவில்லையா உனக்கு?"

"பட்டு நனையுது. சரி, அடுத்து மந்திரியாரோட பருத்தி வேட்டி."

சில நாளில் சபை முழுக்கத் தும்மல். காய்ந்த தலை என்று ஒன்றுதான் பாக்கி. சிட்டாண்டி குடத்தோடு சிம்மாசனத்தண்டை போனான்.

"நில். நனையும் என்று உனக்குத் தெரியாதா?" என்றார் ராஜா.

"தெரியும் மகாராஜா. தெரியும் என்பதால்தானே தோட்டம் கொடுத்தீர்கள்."

ராஜா திரும்பி, சொட்டச் சொட்ட நின்ற மகுடேசரைப் பார்த்தார்.

"தெரியாது என்று சொன்ன அந்தப் பெண் எங்கே?"

"ஏரிக்கரையில்," என்றான் சிட்டாண்டி. " தம்பிக்கு இன்றைக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்."

"தோட்டமும் கூடமும் அவளுக்கு. முதல் கட்டில் அவள் தம்பிக்கு."

"தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால்?" என்று மூக்கை உறிஞ்சினார் மகுடேசர்.

"அங்கே இல்லை என்றாவது தெரியுமே, வைத்தியரே. வேறு இடத்தில் தேடலாம்."

சொல்லிவிட்டு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சிட்டாண்டி கழுத்தில் போட்டார். கிரீடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "சரி, ஊற்று, நானும் பார்க்கிறேன்" என்று தலையைக் குனிந்து, குடம் கவிழும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.