பண்ணையாருக்குச் சொன்ன சொல்

ஆற்றங்கரை மடத்து உலகம்மைக்கு நாற்பது வயதுதான். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. நெல் மண்டியை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு என்பதால் அவர் அவளைத் தாயி என்பார்.

ஒரு சந்தை நாளில் அவர் மூச்சிரைக்க வந்தார். கோபத்தில் தோள் துண்டு எங்கே விழுந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

“தாயி, அந்தப் பூவலிங்கம் ஒங்க வாக்கைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டான்!”

பூவலிங்கம் கொஞ்ச காலம் மடத்தில் இருந்துவிட்டுப் போனவன். இப்போது சந்தையில் பாய் விரித்து உபதேசம் செய்கிறான். கூட்டமும் சேர்கிறது.

“என்ன செஞ்சான்?”

“பேச்சியம்மான்னு ஒரு கைப்பிள்ளைக்காரி. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். பசிக்குன்னு இவன் முன்னால வந்து நின்னுருக்கா. தட்டு நெறையப் பழம் இருக்கு. ஒண்ணை எடுத்துக் குடுத்தா என்ன? ‘பசி கூப்பிட்டா ஓடாதே, அது கத்தி ஓயட்டும். இது உலகம்மை வாக்கு’ன்னு சொல்லி அனுப்பிட்டான். அவளும் அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாளாப் பட்டினி கெடக்கா. பாலு வத்திப்போச்சு. இப்ப அவ வீட்டு வழியாத்தான் வாரேன். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்ல. அவன் நாக்கை அறுக்கணும் தாயி!”

உலகம்மை எழுந்தாள். உள்ளே போய் ஒரு தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

“அண்ணாச்சி, அவன் சொன்னது என் வார்த்தைதானா? கூட்டிக் குறைச்சுச் சொன்னானா?”

“அப்படியே சொல்லியிருக்கான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அது பண்ணையாருக்குச் சொன்னதுல்லா! தின்னு தின்னு மூச்சு முட்டி வந்தாரே, அவருக்கு.”

“பண்ணையாருக்குச் சொன்னதுன்னு அவனுக்குத் தெரியுமா?”

மாசிலாமணியின் நடை தளர்ந்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உலகம்மை அன்று சொன்னதைப் பொழுது சாயும்போது ஒருவர் ஒப்பிப்பார், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள். கேட்டது யார், என்ன துன்பத்தோடு வந்தார் என்பதைச் சொல்லக் கூடாது. வந்தவர் மானம் போகக் கூடாது அல்லவா? நல்ல எண்ணத்தில்தான் மாசிலாமணி அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். பண்ணையாருக்குச் சொன்ன சொல்லையும் அவரேதான் ஒப்பித்திருந்தார்; பண்ணையார் வந்ததைப் பார்க்காத பூவலிங்கம் அதை மட்டும்தான் கேட்டிருந்தான்.

“தெரியாது தாயி” என்றார்.

பேச்சியம்மாள் வாசற்படியில் சாய்ந்து கிடந்தாள். மடியில் குழந்தை. உலகம்மை கஞ்சியை நீட்டினாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாம்மா. பசிக்கு ஓடக் கூடாதுன்னு உலகம்மை சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் குடிச்சா நாளைக்கும் கேக்கும். நாளைக்கு யாரு தருவா?”

“மடத்துக்கு வா. தெனமும் தாரோம். அந்த வார்த்தை ஒனக்குச் சொன்னது இல்லம்மா.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் உலகம்மை.”

பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் பட்டை இல்லை, உடம்பில் காவி இல்லை.

“பொய் சொல்லாதீங்க. அவங்க பெரிய ஞானி. தூக்குவாளியத் தூக்கிட்டு வீடு வீடா வருவாங்களாக்கும்!”

உலகம்மை திரும்பினாள். “சொல்லுங்க அண்ணாச்சி.”

“பேரையுமா?”

“பிள்ளை உசிர விடவா அந்தப் பேரு பெருசு?”

மாசிலாமணி சொன்னார். பண்ணையார் கல்யாணப் பந்தியில் மூன்று இலைச் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டது, எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் வைத்து நாலு பேர் மடத்துக்குத் தூக்கி வந்தது, அந்த வயிற்றுக்குச் சொன்ன வார்த்தை அது என்பது, எல்லாவற்றையும் சொன்னார். பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செத்துக் கிடந்த கண்ணில் நெருப்பு வந்தது.

“தின்னு வீங்குனவனுக்குச் சொன்னதையா எங்கிட்டச் சொன்னான்? முன்னால பழத்தை வச்சுக்கிட்டு! பாவி, நல்லா இருப்பானா அவன்!”

அவளுக்கு அந்தக் கோபம் வந்தது எவ்வளவோ நல்லது. வாளியைப் பிடுங்கிக் குடித்தாள். கஞ்சியின் தெளிந்த தண்ணீரை வாளி மூடியில் முன்பே வடித்து வைத்திருந்த உலகம்மை, அதைக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது நாக்கை நீட்டியது. இரண்டு பேரையும் மடத்துக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி பிடித்து ஏற்றிவிட்டு, குருவும் சீடரும் நடந்து திரும்பினார்கள்.

மாசிலாமணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“இனிமே யாருக்குச் சொன்னதுன்னும் சேத்தே ஒப்பிக்கோம் தாயி. ஆனா அந்தப் பூவலிங்கத்தைச் சும்மா விடக் கூடாது. ஒங்க பேரையே நாறடிச்சுட்டான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கொதிச்சுப்போச்சு. ஓட்டமா ஓடியாந்துட்டேன்.”

உலகம்மை நின்றாள். அவள் முகம் சிவந்து அவர் பார்த்ததே இல்லை.

“ஆமா அண்ணாச்சி. அந்தப் பிள்ளைய அங்கயே போட்டுட்டு, எம்பேரைத் தூக்கிட்டுல்லா ஓடியாந்தீங்க.”