பேராச்சியின் அத்தை

தாமிரபரணிக் கரையில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதை நடத்திய நாச்சியாரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் வந்து சேர்ந்திருந்த திருமலைக்கொழுந்துவுக்கு அறுபத்துநாலு. கல்லூரியில் முப்பது வருடம் உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

அவர் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சின்ன வயதில் அன்பு கிடைக்காத ஒருவர், பிற்பாடு பிறரோடு ஒட்டி வாழ முடியுமா அம்மா?"

"யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்?"

"பொதுவாகத்தான்."

"பொதுவாக எனக்குத் தெரியாது" என்பார் நாச்சியாரம்மா. கீரை ஆய்வதைத் தொடர்வார்.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலையில், யாரைப் பற்றி என்று நாச்சியாரம்மா கேட்டபோது திருமலைக்கொழுந்து வேறு மாதிரி பதில் சொன்னார்.

"அவள் பெயர் பேராச்சி."

நாச்சியாரம்மா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால். ஓர் அநாதை இல்லத்தில் இருந்தாள். ஏழு வயது. தத்தெடுக்க ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தையைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைக் கடித்துவிட்டாள். 'இக்குழந்தை எந்தக் குடும்பத்தோடும் ஒட்டாது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வேறொரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்."

"பேராச்சி?"

"தெரியாது."

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

"போய் என்ன சொல்வது?"

"அவள் சொல்வதைக் கேளுங்கள்."

இல்லத்தின் பழைய பதிவேட்டிலிருந்து தொடங்கி, நாலைந்து பேரிடம் விசாரித்து, பதினோரு நாள் அலைந்து அவளைக் கண்டுபிடித்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தாள். சுற்றி இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேர் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்டது.

ஏலம் முடியும்வரை ஓரமாக நின்றார். பிறகு தான் யார் என்று சொன்னார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது? பதினெட்டு வயசுல என்னை வெளிய அனுப்பும்போது வார்டன் அந்தக் காகிதத்தைக் காட்டினாங்க."

"தப்பாக எழுதிவிட்டேன்."

"இல்ல சார். அன்னைக்கு அது சரிதான். யாரு பக்கத்துல வந்தாலும் கடிப்பேன். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அப்படித்தான் கெடந்தேன்."

"அப்புறம்?"

"இங்க என் பக்கத்துல ஒரு பொம்பள மீன் வித்தா. தெனமும் எனக்கும் சேத்து சோறு கொண்டாந்து வச்சிட்டுப் போவா. ஒரு கேள்வி கேக்கமாட்டா. நாலு மாசம் பூனைக்குப் போட்டேன். அப்புறம் நானே தின்னேன். அவகிட்ட வாயத் தொறந்து பேசவே மூணு வருசம் ஆச்சு. பெறகு அவ மகனையே கட்டிக்கிட்டேன்."

அவர் சற்றுத் தயங்கினார்.

"என் மேல் கோபம் இல்லையா?"

"இருந்துச்சு. எழுதினதுக்கு இல்ல. எழுதிட்டு ஒருதடவகூடத் திரும்ப வந்து பாக்கல பாருங்க, அதுக்கு."



அவள் வீட்டுக்கு வரச் சொன்னாள். கூடத்தில் ஒரு கட்டிலில் எழுபத்தாறு வயதுக் கிழவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சோறு போட்டவள் அவள்தான். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இனிமே பேச்சு வராதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க" என்றாள் பேராச்சி. "நீங்க படிச்சவங்க. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களா?"

கிழவி அவரையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியவில்லை."

பேராச்சி தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தமாதிரி இருந்தது.

"அப்ப ஒண்ணு செய்யிங்க. சனிக்கெழம ஏலம் முடிய மதியமாயிரும். எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருவாரு. அத்தகூடப் பேச ஆளில்ல. நீங்க வந்து உக்காந்து பேசுங்க. வார்த்த வந்தா வரட்டும். வரலன்னாலும் அவ கேட்டுக்கிட்டு இருப்பால்ல."

"இந்த வாரமேவா?"

"சனிக்கெழம எல்லா வாரமும்தான் வருது."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆசிரமத்துக்குத் திரும்பி, நடந்ததையெல்லாம் நாச்சியாரம்மாவிடம் சொன்னார்.

"நான் படித்தது பொய் அம்மா" என்றார்.

"எது பொய்? இருபத்தைந்து வயது வரை அவள் பட்டதா?"

அவர் குனிந்துகொண்டார்.

"ஆயிரம் பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஒருவர் பக்கத்திலும் நானாகப் போய்ச் சும்மா உட்கார்ந்ததில்லை. என் அம்மா படுக்கையில் கிடந்தபோதுகூட வாசலில் நின்றே விசாரிப்பேன். அந்தக் கிழவியிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியாது. அறுபத்துநாலு வயதுக்குமேல் இதெல்லாம் ஒருவனுக்கு வருமா அம்மா?"

நாச்சியாரம்மா எழுந்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார்.

"இன்றைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"தூத்துக்குடிக்கு நாலரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது" என்றார்.